மரவேர்

கெமியில் பிப்ரவரி.
கடல் கட்டாந்தரையாகிவிட்டது, அதன்மேல் ஒருவன்
நாயை நடத்திக்கொண்டு போகிறான்.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மட்டும் கோடை.
சர்வர்கள் விடும் மூச்சில்
சலவை அறைக் கதவு வியர்க்கிறது.

ஏழு வருடமாக அங்கே ஓர் அலமாரி.
மேல்தட்டில் ஸ்விட்சுகள், இல்ப்போவின் சீமை.
நடுவில் சர்வர்கள், வெய்யோவுடையவை.
அடியில் நாற்பத்தெட்டு வட்டுகள்,
அவற்றின்மேல் ஒரு மஞ்சள் சீட்டு:
"தூலிக்கியைக் கேட்காமல் தொடாதே."
ஒரே நிறுவனம் பூட்டிச் சோதித்து
ஒரே விலைச்சீட்டோடு அனுப்பிவைத்தது.
ஒருங்கிணைந்த கட்டமைப்பு என்று
சிற்றேட்டில் போட்டிருந்தது.
ஒருங்கே நின்றன, உண்மை.
இணைந்தனவா என்றால்,
மூவரும் காப்பி குடிக்கும் மேசையைப் போலத்தான்:
கோப்பைகள் மூன்று.

இடம் போதவில்லையா, வட்டு மட்டும் வாங்கலாம்.
வேகம் போதவில்லையா, சர்வர் மட்டும்.
படம் திறக்கவில்லை என்று
எக்ஸ்ரே அறையிலிருந்து அழைப்பு வந்தால்
வெய்யோ வலையைக் காட்டுவான்,
இல்ப்போ வட்டைக் காட்டுவான்,
தூலிக்கி இருவரையும் பார்ப்பாள்.
அது போதும், ஒருவன் எழுந்து போவான்.

நவம்பரில் ஓர் இரவு
ஃபர்ம்வேர் புதுப்பிக்கப் போய்
வட்டுகளின் இரண்டு கட்டுப்படுத்திகளும்
ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிட்டன.
ஒன்று போனால் இன்னொன்று என்றுதான் இரண்டு.
நடுத்தட்டில் சர்வர்கள் சுகமாக ஓடின,
நினைவுதான் இல்லை.
ஐந்து மணி நேரம் காகிதத்தில் எழுதினார்கள்.
பேனா தேடத்தான் நேரமாயிற்று
என்றாள் இரவுப்பணித் தாதி ராக்கெல்.

பிறகு வந்தன நான்கு பெட்டிகள்,
ஓர் அச்சில் வார்த்தவை.
ஒவ்வொன்றும் தானே கணிக்கும், தானே சேமிக்கும்.
நான்கின் வட்டுகளையும்
ஒரே குளமாகக் காட்டியது ஒரு மென்பொருள்.
எந்தப் படமும் இரண்டு பெட்டியில் இருக்கும்.
எந்த இரண்டு?
அதைக் கேட்கக் கூடாதாம்.

தூலிக்கி கேட்கவில்லை.
உச்சிப் பொழுதில், யாரிடமும் சொல்லாமல்,
மூன்றாம் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள்.
மேல்மாடித் திரையில்
பாதி இறங்கியிருந்த ஒரு குழந்தையின் மணிக்கட்டு
கண் இமைக்கும் நேரம் தயங்கி
முழுதாக வந்தது.
மிச்சம் மூன்றும் விசிறிகளை உயர்த்தி
இழந்ததைப் படியெடுக்கத் தொடங்கின.
கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றாள்.
கோபமா என்று கேட்டான் வெய்யோ.
இல்லை, நன்றாக இருக்கிறது என்றாள்,
கோபமாக.

பக்கத்தில் நிற்பது வேறு, புணர்வது வேறு.
கல்லும் தூணும் அருகருகே நின்றால்
கல் கல்தான், தூண் தூண்தான்.
கற்றூண் ஆனபின்
எந்த உளியால் பிரிப்பாய்?
மரமும் வேரும் சேர்ந்து மரவேர்.
நடுவில் ஓர் எழுத்து காணவில்லை.
இலக்கணம் அதற்கு வைத்த பெயர்
கெடுதல்.

இல்ப்போ ஓவ்லுவுக்கு வேலை மாறிப் போனான்.
நான்கு பெட்டிக்கும் ஒரே திரை,
திரைக்கு முன்னால் வெய்யோ.
தூலிக்கிக்கு மூன்றாம் மாடியில் ஜன்னலோர நாற்காலி,
கொள்முதல் பிரிவு.

அங்கேதான் அவள் மேசைக்கு வந்தது
ஐந்தாம் பெட்டியின் விலைச்சீட்டு.
எக்ஸ்ரே படங்கள் குளத்தை நிரப்பிவிட்டன.
வேண்டியது இடம் மட்டும்.
ஆனால் பெட்டியாகத்தான் தருவார்கள்:
யாரும் கேட்காத முப்பத்திரண்டு கோர்,
கோருக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம்.
கொசுறுக்கும் காசு!
சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்,
தாள் கிழியாத அளவுக்கு.

பழைய படங்கள் பழைய அலமாரிக்கே இறங்கின.
நாற்பத்தெட்டு வட்டுகள்
முனகிக்கொண்டு சுழல்கின்றன மறுபடி.
மஞ்சள் சீட்டு ஒரு மூலையில் உரிந்திருக்கிறது.

இன்று காலை வெய்யோவின் அழைப்பு:
"பதினேழாம் வட்டில் ஆரஞ்சு விளக்கு.
தொடலாமா?"

ஜன்னலுக்கு வெளியே பனியுடைக்கும் கப்பல்
அவ்வளவு மெதுவாக
நகர்கிறதா என்றே தெரியவில்லை.

"ம்" என்றாள்.